கயிறு இல்லாத விடுமுறை

பாறை ஏறுறவங்க லீவு போட்டுட்டு எங்கேயாவது போனா, அங்கேயும் பாறைதான் ஏறணுமா? இல்ல, வருஷத்துல ஒரு தடவையாவது கயிறு, ஷூ, சாக் பொடி எல்லாத்தையும் பரண்ல போட்டுட்டு, சாதாரண மனுஷங்க மாதிரி ஊர் சுத்திப் பாத்துட்டு வரணுமா?

கேக்கறதுக்கு, 'பிரியாணிக் கடைக்காரர் வீட்டுல ஞாயித்துக்கிழமை என்ன சமையல்?'ங்கற மாதிரி உப்புச்சப்பில்லாத கேள்வியா தெரியும். ஆனா எங்க கோஷ்டியில இதை வச்சு ஒரு சாயங்காலம் முழுக்க சண்டை போட்டிருக்கோம். பெங்களூர் கன்டீரவா ஸ்டேடியத்துல ஒரு செயற்கைச் சுவர் இருக்கு. அதுல ஏறி இறங்கிட்டு, முன்னங்கை ரெண்டும் கல்லு மாதிரி இறுகிப்போய், டீ கிளாஸைக்கூட ஒழுங்கா பிடிக்க முடியாம நின்னுட்டு இருந்தோம். அப்ப நண்பர் ஒருத்தர் மெதுவா ஆரம்பிச்சார். "டிசம்பர்ல பத்து நாள் லீவு. குடும்பத்தோட ஆலப்புழா போறேன். போட் ஹவுஸ்."

ஒரு நிமிஷம் யாரும் பேசல. அப்புறம் ஒருத்தன் துக்கம் விசாரிக்கற குரல்ல கேட்டான். "ஏன் சார், வீட்டுல எதுவும் பிரச்சனையா?"

டிசம்பர்! ஆலப்புழா! ஒரு கல்லுகூட இல்லாத ஊரு! :-)

இதுல சிரிக்க என்ன இருக்குன்னு யோசிக்கிறவங்களுக்காகக் கொஞ்சம் விளக்கிடறேன். நாங்க பண்றது ட்ரெக்கிங் இல்லை. படிக்கட்டும் பாதையும் இருக்கற மலை எங்களுக்கு மலையே இல்லை. செங்குத்தா நிக்கற பாறை வேணும். அதுல விரல் நுனி மட்டும் மாட்டற மாதிரி ஒரு விளிம்பு, கட்டைவிரல் அளவுக்கு ஒரு குழி, கால் வைக்க ஒரு பருக்கை. இடுப்புல ஹார்னஸ், அதுல கயிறு, கீழே கயிறைப் பிடிச்சுக்கிட்டு ஒரு ஆள். அந்த ஆளு பண்ற வேலைக்குப் பேரு பிலே. ஏற்கனவே பாறையில அடிச்சு வச்சிருக்கற போல்ட்டுல ஒவ்வொண்ணா கயிறை மாட்டிக்கிட்டே மேல போகணும். விழுந்தா கயிறு தாங்கும். விழாம ஒரே மூச்சுல மேல வரைக்கும் போனாத்தான் அந்த ரூட் 'முடிஞ்சது'ன்னு கணக்கு. அப்படி முடியாம வருஷக்கணக்கா இழுத்துக்கிட்டு இருக்கற ரூட்டுக்கு 'ப்ராஜெக்ட்'னு பேரு. ராத்திரி படுத்தா கனவுல இடது கை எங்க, வலது கால் எங்கன்னு ஓடும். கல்யாணமானவங்க அதை வெளிய சொல்றதில்லை.

சரி, லீவு விஷயத்துக்கு வருவோம். பிரச்சனையே கணக்குல இருக்கு.

ஐடி கம்பெனியில ஒரு ஆளுக்கு வருஷத்துக்கு 20 நாள் லீவுன்னு வச்சுக்குவோம். தீபாவளிக்கு ஊருக்குப் போக 3. பொங்கலுக்கு 3. சொந்தத்துல ரெண்டு கல்யாணம், ஒரு வளைகாப்பு, 4 நாள் போச்சு. குழந்தைக்கு ஜுரம், தனக்கு ஜுரம், 2. மிச்சம் 8 நாள். அந்த எட்டு நாளைத் தங்கக் காசு மாதிரி எண்ணி எண்ணி வைக்கணும்.

அடுத்தது சீசன். தென்னிந்தியாவுல பாறை ஏற நல்ல காலம் நவம்பர்லேர்ந்து பிப்ரவரி வரைக்கும்தான். வெயில் காலத்துல பாறை தோசைக்கல்லு. விரல் வேர்த்தா பிடி நிக்காது. மழைக்காலத்துல வழுக்கும். அதுவும் பாதாமி மாதிரி மணற்கல் பாறை ஈரமா இருக்கும்போது பலமும் குறைஞ்சிடும். பிடிச்ச பிடி கையோட வந்துடலாம். காயற வரைக்கும் தொடக்கூடாதுங்கறது பாறைக்கு நாம காட்டற மரியாதையும்கூட. ஆக, ஏற முடியற நாலு மாசத்துலதான் கார்த்திகையும் வருது, மார்கழியும் வருது, பொங்கலும் வருது, பள்ளிக்கூடத்து அரைப்பரீட்சை லீவும் வருது. வீடு ஒரு பக்கம் இழுக்கும், பாறை ஒரு பக்கம் இழுக்கும். மே மாசம் எல்லாரும் ஊட்டி போகும்போது நாமளும் போயிட்டு வந்தா சரியாப்போச்சுன்னு சொல்லலாம். ஆனா வயசானவங்களை மே மாசத்துல எந்தக் கோயில் பிரகாரத்துல நடக்க வைக்கறது?

அன்னிக்கு டீக்கடையில எதிர்க்கட்சி வக்கீலா பேசின நண்பனோட வாதத்தை முதல்ல சொல்லிடறேன். ஏன்னா அது லேசான வாதம் இல்லை.

"வருஷத்துல முந்நூத்தி அம்பது நாள் நான் பாறை ஏறாமத்தான் இருக்கேன். ஆபீஸ், டிராஃபிக், மீட்டிங், மளிகைச் சாமான், மாமியார் வீடு... எல்லாமே கிளைம்பிங் இல்லாத வாழ்க்கைதானே? நான் ஓய்வு எடுக்க வேண்டியது அதுலேர்ந்துதான். இருக்கற பத்து நாளையும் பாறை இல்லாம கழின்னு சொல்றது, ஒரு வேளை சோறு சாப்பிடறவனைப் பாத்து விரதம் இருன்னு சொல்ற மாதிரி."

நியாயம்தானே? கலிஃபோர்னியாவுல யோசெமிட்டி பள்ளத்தாக்குல கேம்ப் ஃபோர்னு ஒரு இடம் இருக்கு. 1950, 60-கள்லேர்ந்து மாசக்கணக்கா டென்ட் போட்டு, கிடைச்சதைச் சாப்பிட்டு, பாறையே கதின்னு கிடந்தவங்களோட ஊரு அது. 2003-ல அந்த இடத்தையே வரலாற்றுச் சின்னங்களோட தேசியப் பட்டியல்ல சேத்துட்டாங்க. அலெக்ஸ் ஹொனால்ட் பல வருஷம் வேன்லயே குடியிருந்தார். அவங்களைப் பாத்து 'நீ கிளைம்பிங் இல்லாம ஒரு லீவு போடு'ன்னு சொன்னா அர்த்தம் இருக்கு. அவங்களுக்கு அது வேலை, வீடு, ஊரு எல்லாம். நம்மள மாதிரி சனி ஞாயிறு கிராக்கிகளுக்குச் சொன்னா என்ன அர்த்தம்? நாம பாதாமிக்குப் போறதே ஒரு விடுமுறைதானே?

இதுக்குப் பதில் சொல்ல எல்லாரும் முதல்ல தூக்கற ஆயுதம் உடம்பு. "ஓய்வு எடுத்தா நல்லா ஏறலாம்பா."

இதுல உண்மை நிறைய இருக்கு. தசை சீக்கிரம் பலமாகும். தசைநாரும், விரல் எலும்போட அந்த நாரைச் சேத்துப் பிடிச்சு வைக்கற வளையங்களும் அவ்வளவு வேகமா பலமாகறதில்லை. டாக்டர்கள் அந்த வளையங்களைப் புல்லின்னு சொல்றாங்க, கிணத்து ராட்டினம் மாதிரி. ஆறு மாசத்துல முன்னங்கை முறுக்கேறி நிக்கும், விரல் பின்னாடியே மூச்சு வாங்கிட்டு வரும். ஒரு நாள் சின்ன விளிம்புல முழு எடையும் போட்டு மடக்கிப் பிடிக்கும்போது 'டப்'புன்னு ஒரு சத்தம். பெரும்பாலும் மோதிர விரல். பக்கத்துல பிலே பண்றவருக்கும் கேக்கும். அப்புறம் பல வாரம், சில சமயம் மாசக்கணக்கா, சுவத்தை வேடிக்கை மட்டும்தான் பாக்கணும்.

அதனால ஒண்ணு ரெண்டு வாரம் கைக்கு ஓய்வு கொடுத்தா நஷ்டம் இல்லை. தாக்குப்பிடிக்கற சக்தி கொஞ்சம் சீக்கிரமா இறங்கும், ஆனா பலம் அவ்வளவு வேகமா போயிடாது. திரும்பி வந்த முதல் நாள் தோல் எரியும், முன்னங்கை சீக்கிரம் வீங்கும், அவ்வளவுதான். பெரிய ஆட்களே ஏற்றத்துக்கு நடுவுல நின்னு ஓய்வெடுத்திருக்காங்க. யோசெமிட்டியில எல் கேப்பிடன்னு சுமார் 900 மீட்டர் உயரப் பாறை. அதுல டான் வால்ங்கற பகுதியை டாமி கால்ட்வெல்லும் கெவின் ஜோர்கெசனும் 19 நாள் பாறையிலேயே தொங்கும் கூடாரத்துல தங்கி, 2015 ஜனவரி 14-ம் தேதி முடிச்சாங்க. பதினஞ்சாவது கட்டத்துல ஜோர்கெசன் நாள் கணக்கா விழுந்துட்டே இருந்தார். பிளேடு மாதிரி விளிம்பு, விரல் நுனித் தோல் கிழிஞ்சு போச்சு. உலகமே பாத்துட்டு இருக்கும்போது, தோல் வளரட்டும்னு டேப்பைச் சுத்திக்கிட்டு சும்மா உக்காந்திருந்தார். அப்புறம்தான் அந்தக் கட்டம் அவருக்குக் கொடுத்துச்சு.

ஆனா இந்த வாதத்துல ஒரு தில்லுமுல்லு இருக்கு, கவனிச்சீங்களா? 'ஏறாம இருந்தா இன்னும் நல்லா ஏறலாம்.' அதாவது ஆலப்புழாவுல படகுல உக்காந்து கரிமீன் சாப்பிடறதும் ட்ரெயினிங்தான்! விரலுக்கு ஓய்வு வேணும்னா வீட்டுலயே இருந்துட்டு ஆபீஸ் போயிட்டு வரலாம். பத்து நாள் லீவும், பொண்டாட்டி பிள்ளையும், ரயில் டிக்கெட்டும் அதுக்கு எதுக்கு? அந்தப் பத்து நாளும் கிளைம்பிங்குக்காகவே செலவாகுதுன்னா அது கிளைம்பிங் லீவுதான், கயிறு மட்டும் கூட வரல. அதனால உடம்புக் கதையை நான் வாதத்துலேர்ந்தே தள்ளி வச்சிடறேன்.

அடுத்த வாதம் ஊர் பாக்கறது. இது எனக்குக் கொஞ்சம் உறைக்கற வாதம்.

பெங்களூர்லேர்ந்து சுமார் 50 கிலோமீட்டர்ல ராமநகரா. 1975-ல வந்த ஷோலே படத்தோட மலையெல்லாம் அங்கதான். எங்க கோஷ்டியில அந்த ஊருக்கு நூறு தடவை போனவங்க இருக்காங்க. எந்தப் பாறையில எத்தனையாவது போல்ட் கொஞ்சம் ஆடுதுன்னு கேட்டா கண்ணை மூடிக்கிட்டு சொல்லுவாங்க. அதே ஊருல ஆசியாவிலேயே பெரிசுன்னு சொல்லப்படற பட்டுக்கூடு சந்தை இருக்கு. மூட்டை மூட்டையா மஞ்சளும் வெள்ளையுமா கூடு வந்து குவியும், ஏலம் போகும். விவசாயி முகத்துல ஒரு பதைப்பு இருக்கும். அதைப் பாத்தவங்க எங்க கோஷ்டியில எத்தனை பேர்னு எண்ண ஒரு கையே அதிகம். ராமதேவர பெட்டாவுல கழுகுகள் கூடு கட்டுதுன்னு 2012-ல அந்த இடத்தைச் சரணாலயமா அறிவிச்சாங்க. மாட்டுக்குப் போடற டைக்ளோஃபெனாக் மருந்து, செத்த மாட்டைத் தின்ற கழுகுகளைக் கூட்டம் கூட்டமா கொன்னுச்சு. இந்தியாவுல 2006-ல அந்த மருந்தை மாட்டுக்குத் தடை பண்ணாங்க. மிஞ்சின கழுகுங்க தங்கற வெகு சில இடங்கள்ல அதுவும் ஒண்ணு. சரணாலயம்னு அறிவிச்சப்ப எங்க ஆட்கள் சில பேர் முதல்ல கேட்ட கேள்வி, "அப்ப அந்தப் பக்கத்து ரூட்டெல்லாம்?"

இது கெட்ட எண்ணத்துல வர்ற கேள்வி இல்லை. பாறை ஏறுறவன் கண்ணு அப்படி ஆயிடும். தச்சருக்கு வாசக்கால் தெரியும், டெய்லருக்குத் தோள்பட்டைத் தையல் தெரியும், நமக்கு விளிம்பு தெரியும். கோபுரத்தைப் பாத்தாலும் மொட்டைக் கோட்டைச் சுவரைப் பாத்தாலும் 'இங்க கை, அங்க கால்'னு மனசு தானா ஏறிட்டு இருக்கும். (மனசு மட்டும்தான். சாமி இருக்கற இடத்துலயும் தொல்லியல் துறை போர்டு இருக்கற இடத்துலயும் கையை வைக்கக்கூடாது.)

மூணாவது, தங்கமணி. எங்க வீட்டுத் தங்கமணிக்கு உயரம்னா ஆகாது. ஆரம்பத்துல ரெண்டு தடவை கூட வந்தாங்க. பாறை ஏறாத ஒருத்தருக்கு கிளைம்பிங் ட்ரிப்னா என்ன தெரியுமா? காலையில அஞ்சரை மணிக்கு எழுப்பி, முள்ளுக்காட்டுல நடக்க வச்சு, ஒரு நிழல்ல உக்கார வைப்போம். அப்புறம் அவங்க வேலை, பையைக் குரங்குகிட்டேர்ந்து காப்பாத்தறது. நாலு மணி நேரம் புருஷனோட உள்ளங்காலைக் கீழேர்ந்து அண்ணாந்து பாக்கறது. மத்தியானம் எல்லாரும் சாப்பிட்டுட்டு மட்டையாயிடுவோம். சாயங்காலம் எழுந்து, 'அந்த மூணாவது போல்ட்டுக்கு அப்புறம் வலது காலை உயரமா வச்சிருக்கணும்'னு ராத்திரி பத்து மணி வரைக்கும் பேச்சு. மூணாவது தடவை கூப்பிட்டப்ப, "நீங்க போயிட்டு வாங்க, நான் எங்க அம்மா வீட்டுக்குப் போறேன். அங்க குரங்கு இல்லை"ன்னு சொல்லிட்டாங்க. கோபமில்லாம, சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க. எட்டு நாள் லீவை வச்சுக்கிட்டு இருக்கற வீட்டுல அந்தச் சிரிப்பை ரொம்ப நாளைக்கு எடுத்துக்க முடியாது.

இப்ப எங்க அப்பா கதை.

அப்பாவுக்கு 73. மதுரையில இருக்கார். முழங்கால் ரெண்டும் தகராறு. வேலையில இருந்த காலத்துலேர்ந்து அவர்கிட்ட பைண்டு பண்ணின 'சிவகாமியின் சபதம்' இருக்கு. ஓரமெல்லாம் பழுப்பேறி, நூல் பிரிஞ்சு. நான் வருஷா வருஷம் பாதாமி போறேன்னு தெரியும். ஒரு நாள் ஃபோன்ல கேட்டார்.

"ஏம்ப்பா, வாதாபிக்குத்தானே போயிட்டு போயிட்டு வர்ற? அந்தக் குகையெல்லாம் எப்படி இருக்கும்?"

அதுக்கு அப்புறம் அவர் சொன்னதுதான் எனக்குள்ள நின்னுச்சு. "படி நிறைய இருக்குமோ? இந்த வருஷம்னா மெதுவா ஏறிடுவேன்."

கிளம்பிட்டோம். ஜனவரி. அப்பா, அம்மா, தங்கமணி, பொண்ணு, நான். கோல் கும்பஸ் எக்ஸ்பிரஸ்ல சாயங்காலம் ஏறி, காலையில பாதாமி. ஷூ, ஹார்னஸ் எதையும் எடுத்துக்கல. இது நானா முடிவு பண்ணினது. நூறுக்கு மேல போல்ட் அடிச்ச ரூட் இருக்கற ஊருக்கு, அதுவும் நல்ல சீசன்ல, வெறுங்கையோட போறது என்ன மாதிரி சோதனைன்னு எங்க ஆட்களுக்குத்தான் தெரியும். சர்க்கரை வியாதிக்காரர் அல்வாக் கடைத் தெருவுல வாக்கிங் போற மாதிரி.

அப்பா ஒவ்வொரு படியா, பக்கத்துச் சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு ஏறினார். முதல் குகையில பதினெட்டு கை நடராஜர். மூணாவது குகை பெரிசு, விஷ்ணுவுக்கு. அங்க ஒரு கல்வெட்டு, கி.பி. 578-ன்னு தேதியே சொல்லுது. அந்த வராந்தாவுல அப்பா தூணுல சாஞ்சு உக்காந்துட்டார். பேத்திக்கு நரசிம்மவர்மன் கதையை ஆரம்பிச்சார். புலிகேசி காஞ்சி மேல படையெடுத்து வந்தது, பல்லவன் பதிலுக்கு 642 வாக்குல வாதாபியைப் பிடிச்சது, 'வாதாபி கொண்டான்'னு பேரு வாங்கினது. அவன் விட்டுட்டுப் போன கல்வெட்டு ஒண்ணு தேஞ்சு போய் இந்த ஊருப் பாறையில இன்னும் இருக்குங்கறது வரைக்கும் சொன்னார். சொல்லிட்டே வந்தவர் நடுவுல நிறுத்திட்டு, தூணைத் தடவிப் பாத்தார்.

"இதையெல்லாம் செஞ்சவங்க ஊரைத்தான் எரிச்சுட்டோம்னு இத்தனை வருஷமா சந்தோஷமா படிச்சிருக்கேன்" என்றார்.

என்ன சொல்றதுன்னு தெரியல. எனக்குத் தெரிஞ்சதைச் சொன்னேன். இந்தக் கல்லு மணற்கல்லுப்பா, அடுக்கு அடுக்கா படிஞ்சது. கிரானைட்டை விட இளகின கல்லு, உளிக்கு இணங்கும். அதனாலதான் இவ்வளவு நுணுக்கமா செதுக்க முடிஞ்சது. அதே அடுக்குதான் எங்களுக்கு விரல் மாட்ட விளிம்பு கொடுக்குது. அப்பா என் விரலைப் பிடிச்சுப் பாத்தார். காய்ச்சுப் போய்க் கெட்டியா இருந்த தோலை அமுக்கிப் பாத்துட்டு, "இதுக்குத்தான் வர்றியா இங்க?" என்றார். அதுவரைக்கும் அவருக்கு என் கிளைம்பிங் மேல இருந்தது பயம் மட்டும்தான்னு நினைச்சிருந்தேன். அன்னிக்கு அரை மணி நேரம் கேள்வி கேட்டார். போல்ட்டு எப்படி அடிப்பாங்க, கயிறு எவ்வளவு தாங்கும், கீழே பிடிக்கறவன் தூங்கிட்டா என்ன ஆகும்னு. :-)

மறுநாள் காலையில பஸ் ஸ்டாண்ட் பக்கம் டீக்கடை. கிண்கிணின்னு ஒரு சத்தம். திரும்பிப் பாக்காமலே தெரியும், கார்பினர் ஒண்ணோடொண்ணு இடிக்கற சத்தம். பெங்களூர் பசங்க நாலு பேர், தெரிஞ்ச முகங்கதான். "அண்ணா, நீங்க இங்கயா? வாங்க, ஒரே ஒரு ரூட். ஷூ நான் தர்றேன், நமக்கு ஒரே சைஸ்தான்." அம்மா வேற, "போயிட்டு வாப்பா, நாங்க என்ன ஓடியா போயிடப் போறோம்"னு சொல்லிட்டாங்க.

போகல. அன்னிக்கு பட்டடக்கல்லும் அய்ஹோளேயும் போக கார் பேசியிருந்தோம். பெரிய தியாகம்னு நினைச்சுக்காதீங்க. கார்ல போகும்போது பாதி மனசு அந்தப் பசங்க பின்னாடிதான் நடந்துட்டு இருந்துச்சு. பட்டடக்கல் விருபாட்சர் கோயில் முன்னாடி நிக்கும்போதுதான் முழுசா திரும்பி வந்துச்சு. அது சாளுக்கிய ராணி லோகமகாதேவி, தன் புருஷன் ரெண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியை ஜெயிச்சதுக்காகக் கட்டின கோயில். அதாவது, நரசிம்மவர்மன் வாதாபியைப் பிடிச்சு நூறு வருஷம் கழிச்சு இவங்க பதிலுக்கு வந்தாங்க. ஆனா வந்தவன் காஞ்சியைக் கொளுத்தல. கைலாசநாதர் கோயில் செல்வத்தைச் சாமிக்கே திருப்பிக் கொடுத்துட்டு, கன்னடத்துல ஒரு கல்வெட்டையும் வச்சுட்டுப் போனான். அது இன்னிக்கும் காஞ்சியில இருக்கு. இங்க இருக்கற கோயில்லயும் காஞ்சிக் கைலாசநாதர் சாயல் தெரியும். கைடு இதைச் சொன்னதும் அப்பா முகத்தைப் பாக்கணுமே! பாதிக் கதையிலேயே நின்னு போன புஸ்தகத்தோட மிச்சப் பக்கம் கையில கிடைச்ச மாதிரி இருந்துச்சு.

டீக்கடை வக்கீல் நண்பன் இதைக் கேட்டுட்டு விடல. "அதுக்கு ஏன் கயிறை விட்டுட்டுப் போகணும்? காலையில ரெண்டு ரூட், சாயங்காலம் குகை. ரெண்டையும் பாத்திருக்கலாமே?"

பாத்திருக்கலாம். அப்படிப் பிரிச்சு வச்சு நல்லா வாழ்ந்தவங்களும் இருக்காங்க. பின்னாடி பேட்டகோனியா கம்பெனி ஆரம்பிச்ச ஈவான் ஷுனார், 1968-ல கூட்டாளிகளோட கலிஃபோர்னியாவுலேர்ந்து தென் அமெரிக்காவோட அடி வரைக்கும் ஒரு பழைய வேன்ல போனார். வழியெல்லாம் கடல்ல அலைச்சறுக்கு, பனிச்சறுக்கு, கடைசியில ஃபிட்ஸ் ராய் மலை. ஆனா அது வாலிபப் பசங்க மாசக்கணக்கா போன பயணம். அஞ்சு நாள்ல, முழங்கால் வலியோட இருக்கற ஒருத்தரோட போகும்போது கணக்கு வேற. காலையில வெயில் ஏறுறதுக்குள்ள ஏறணும்னா அஞ்சரைக்குக் கிளம்பணும். அப்பாவுக்கு முழங்கால் நல்லா இருக்கறதும் அதே காலை வேளைதான். பத்து மணிக்கு மேல வெயில்ல அவர் படி ஏறமாட்டார். பாறைக்கும் அப்பாவுக்கும் ஒரே நேரம்தான் ஒத்துவருது, யாருக்குக் கொடுக்கறதுங்கறதுதான் கேள்வி. பாறை அடுத்த வருஷமும் அங்கதான் இருக்கும். அப்பா அந்தப் படியில அடுத்த வருஷம் இருப்பாரான்னு அவருக்கே சந்தேகம். அதை ஃபோன்லயே சொல்லிட்டார்.

இன்னொரு காரணமும் இருக்கு, அது பாறை ஏறுறவங்களுக்குள்ள அதிகம் பேசிக்காத காரணம். எங்க கோஷ்டியில ஒருத்தருக்கு விரல் புல்லி போயி நாலு மாசம் ஏற முடியாம போச்சு. விரல் வலியை விட அவருக்குப் பெரிய கஷ்டம், சனிக்கிழமை காலையில எழுந்து என்ன பண்றதுன்னு தெரியாததுதான். நண்பர்கள் எல்லாம் கிளைம்பிங் நண்பர்கள். பேச்செல்லாம் கிளைம்பிங் பேச்சு. ஊரெல்லாம் பாறை இருக்கற ஊரு. "நான் யாருன்னே தெரியலடா"ன்னு ஒரு நாள் சொன்னார், நாப்பது வயசு மனுஷன். விரலோ தோளோ முழங்காலோ, ஏதோ ஒண்ணு ஒரு நாள் எல்லாருக்கும் 'போதும்'னு சொல்லும். அன்னிக்கு மிஞ்சற ஆளுக்கு, பாறை இல்லாத ஒரு ஊருல எப்படி இருக்கணும்னு கொஞ்சமாவது பழக்கம் இருக்கணும் இல்லையா? விழறதைக்கூட நாம பயிற்சி பண்றோம். பத்திரமான இடத்துல, பிலே பண்றவரை நம்பி, வேணும்னே விழுந்து பழகறோம். விடுமுறையில கயிறை வீட்டுலயே விட்டுட்டுப் போறதும் அந்த மாதிரிதான்னு எனக்குத் தோணுது.

ஆக, என் தீர்ப்பு (யாரு கேட்டா? இருந்தாலும்...):

'எல்லாரும் கண்டிப்பா போகணும்'னு சொல்லமாட்டேன். தனி ஆளா, பொறுப்பு எதுவும் இல்லாம, இருபத்தஞ்சு வயசுல இருக்கற பசங்க எட்டு நாளையும் பாறையிலயே கழிக்கட்டும். அந்த வயசு திரும்பி வராது, ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். ஆனா கூட வாழறவங்களுக்குப் பாறை பிடிக்கலைன்னா, வருஷத்துல ஒரு லீவு அவங்களோடது. ஊரை அவங்க தேர்ந்தெடுக்கணும். அதுல 'பக்கத்துல ஒரு நல்ல பாறை இருக்காம்'ங்கற பேச்சே வரக்கூடாது. ஷூவை பைக்கு அடியில சுருட்டி எடுத்துட்டுப் போற வேலையும் வேண்டாம். எடுத்துட்டுப் போனா மூணாம் நாள் அது தானா வெளிய வந்துடும். முடிஞ்சா, நாம பாறைக்காகவே போற ஊருக்கு ஒரு தடவை சும்மா போகணும். ராமநகராவுக்கே போங்க, காலையில பட்டுக்கூடு சந்தையைப் பாருங்க. அந்தப் பாறை தப்பா நினைச்சுக்காது.

ஆலப்புழா போன நண்பர் ஜனவரியில திரும்பி வந்தார். வெயில்ல கறுத்து, ரெண்டு கிலோ ஏறி. முதல் நாள் சுவத்துல பாதியிலேயே தொங்கிட்டார். எல்லாரும் கீழேர்ந்து "கரிமீன்! கரிமீன்!"னு கத்தினாங்க. அவரும் மேலேர்ந்து சிரிச்சுட்டு இருந்தார். ரெண்டு வாரத்துல பழைய நிலைமைக்கு வந்துட்டார்.

இந்த வருஷம் எட்டு நாள்ல மூணு நாளை அம்மா கேட்டிருக்காங்க. ராமேஸ்வரம். அங்க ஏறுறதுக்குப் பாறைன்னு ஒண்ணும் கிடையாது, நான் விசாரிச்சுட்டேன். :-) மிச்சம் அஞ்சு நாள் பாதாமியில அந்த மூணாவது போல்ட்டுக்கு.

பாறைன்னு இல்லை. மாரத்தான் ஓடறவங்க, கேமராவைக் கழுத்துலேர்ந்து இறக்காதவங்க, எந்த ஊருக்குப் போனாலும் பறவையை மட்டுமே பாக்கறவங்கன்னு இங்கயும் நிறைய பேர் இருக்கீங்க. நீங்க உங்க கயிறை வீட்டுல விட்டுட்டுப் போனதுண்டா? போனீங்கன்னா, என்ன பாத்தீங்க?